இறந்த பாம்பு சொல்லும் சாட்சி



மேலை நாடுகளில் நாய், பூனை வளர்ப்பதைப் போலவே பாம்பு வளர்ப்போரும் உண்டு. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த போவா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு ஆகியவற்றை அவர்கள் விரும்பி வளர்க்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நஞ்சு கிடையாது. (நம் நாட்டு நாகத்தையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

ஒருவரிடம் ஆறு பாம்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாள் காலையில் பந்து மலைப்பாம்பு ஒன்று பெட்டிக்குள் இறந்து கிடக்கிறது. சென்ற மாதம் அது விழுங்கிய இரையைக் கக்கியது. பிறகு தலையை அண்ணாந்து, வானத்தைப் பார்ப்பது போலவே கிடந்தது. மல்லாத்திப் போட்டால் தானாகப் புரள அதற்கு முடியவில்லை. மற்ற ஐந்தும் நலமாக இருக்கின்றன; அல்லது, நலமாக இருப்பது போலத் தோன்றுகின்றன. இந்த இரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்தே அந்த ஐந்தின் உயிரும் இருக்கிறது.

இயற்பியல் கற்பிப்பவனுக்குப் பாம்பு நோயில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முதல் விசாரணையே வெப்பமானியிடம்தான்! பாம்பு தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள நம்மைப் போல உணவை எரிப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. வெப்பம் குறைந்தால் செரிமான நொதிகளின் வேலையும் மந்தமாகிறது. அப்போது வயிற்றிலுள்ள எலி செரிக்குமுன் அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் பெட்டியின் ஒரு முனையில் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியசும், மறு முனையில் 26 டிகிரியும் இருக்குமாறு வைப்பார்கள். பாம்பு தனக்கு வேண்டிய இடத்திற்கு நகர்ந்துகொள்ளும்.

வெப்பமானியை மூடியருகே தொங்கவிட்டு, பாம்பு கிடக்கும் தரையின் வெப்பநிலையை அறிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். சூடான காற்று மேலே செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் மட்டும் பார்த்தால் இரவின் குளிர் தெரியாது. உங்கள் பாடநூலில் வரும் சிக்சின் பெரும சிறும வெப்பமானியை ஓரிரவு தரையில் வைத்தால் உண்மை விளங்கும். ஆனால் நம் பாம்பு அண்ணாந்து பார்த்ததற்குக் குளிர் போதிய காரணம் ஆகாது. அது நரம்பு மண்டலக் கோளாறின் அறிகுறி. அளவு மீறிய சூடு, உண்ணிகளைக் கொல்லத் தெளித்த பூச்சிமருந்து, சில வைரசுகள் ஆகிய எதுவும் அதை உண்டாக்கலாம். வெளியில் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. உள்ளே பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் சாட்சியைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் கொண்டுபோகும்வரை கெடாமலிருக்கட்டும் என்று உடலைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுகிறார்கள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. செல்களுக்குள்ளும் வெளியேயும் பனிப்படிகங்கள் வளர்ந்து அவற்றின் சவ்வுகளைக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் தெரிவது சிதைந்த குப்பைதான். உடலை உறையவிடாமல் சுமார் 4 டிகிரியில் வைத்து, தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பதே முறை.

மருத்துவர் கல்லீரல், சிறுநீரகம், மூளை முதலியவற்றிலிருந்து துண்டுகள் எடுத்துப் பார்மலினில் இடுகிறார். துண்டுகள் மெல்லியவையாக இருப்பது முக்கியம். திரவம் விரவிப் பரவ ஆகும் காலம், தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தடிமன் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பார்மலின் நடுப்பகுதியை அடைவதற்குள் அது அழுகிவிடும். சில துண்டுகளைப் பார்மலினில் இடாமல் ஆழ்குளிரில் உறையவைத்துக்கொள்வதும் உண்டு. அவை வைரஸ் சோதனைக்கு உரியவை. அதற்குச் செல்லின் வடிவம் தேவையில்லை.

இனி நுண்ணோக்கி. துண்டைச் சீவி, ஹேமடாக்சிலின், ஈயோசின் என்னும் இரு சாயங்களை ஏற்றுவார்கள். செல்லின் உட்கரு நீலமாகும். மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகும். சில பாம்புகளில் உட்கருவுக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில், பளிச்சென்ற இளஞ்சிவப்பு உருண்டைகள் தெரியும். இவை ‘உட்பொதிவுகள்’, புரதத் திரள்கள். இவை காணப்படும் நோய்க்கு உட்பொதிவு நோய் என்று பெயர். வளர்ப்புப் பாம்புகளில் இந்நோய் 1970களிலிருந்தே அறியப்பட்டது. ஆனால் அந்தப் புரதத்தைச் செய்வது யார் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. வைரசின் அளவு சுமார் 100 நானோமீட்டர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். தன்னைவிட இவ்வளவு நீண்ட அலையைக் கொண்டு அந்த வைரசைப் பார்க்க முடியாது. குற்றவாளியின் காலடித் தடம் தெரிந்தது, குற்றவாளி தெரியவில்லை.

புதிர் அவிழ்ந்தது கலிபோர்னியாவில். சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஸ்டெயின்ஹார்ட் காட்சிச்சாலையில் போவா இனப் பாம்புகளுக்கு இந்நோய் கண்டது. அதே மாநிலத்தில் போவா வளர்த்த ஒருவர், தம் பாம்பைப் பற்றிய அச்சத்துடன் அந்நகரப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜோசப் டெரிசிக்குக் கடிதம் எழுதினார். அவரும் மார்க் ஸ்டெங்லைன் முதலியோரும் ஆராய்ச்சியில் இறங்கினர்.

அவர்கள் செய்ததை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு பெரிய அகராதியும் நாலு பக்கச் சிறு நோட்டீசும் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டு ஒரே குவியலாகக் கிடக்கின்றன. நோட்டீசில் என்ன எழுதியிருந்தது என்று அறிய வேண்டும். கிழியாத அகராதி ஒன்று உங்களிடம் இருந்தால், அதனோடு ஒத்துப்போகும் துண்டுகளை நீக்கிக்கொண்டே வரலாம். மிஞ்சுவதில் நோட்டீஸ் இருக்கும். அகராதி என்பது பாம்பின் மரபுச் செய்தி, நோட்டீஸ் வைரசினுடையது. அதுவரை போவாவின் முழு மரபுச் செய்தியை எவரும் படித்திருக்கவில்லை. ஆகவே அதையும் படிக்க ஏற்பாடு செய்தார்கள்! மிஞ்சிய துண்டுகளில் அரினா வைரசுகளின் உறவினர் அகப்பட்டனர். அரினா என்றால் இலத்தீனில் மணல். மின்னணு நுண்ணோக்கியில் இவ்வகை வைரசுக்குள் மணல் துகள் போன்ற புள்ளிகள் தெரிவதால் அப்பெயர். அதுவரை இவை பாலூட்டிகளில், பெரும்பாலும் எலி இனங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தன. 1969இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட லாசா காய்ச்சலின் வைரசும் இக்குடும்பமே. (பாம்பின் வைரசால் மனிதருக்கு நோய் வந்ததாக அறியப்படவில்லை.)

முடிவுகள் 2012இல் வெளியாயின. நோய் உறுதியான 8 பாம்புகளில் 6இல் வைரஸ் இருந்தது. நோயில்லாத 18 பாம்புகளில் ஒன்றில்கூட இல்லை. உட்பொதிவில் இருந்ததும் இவ்வைரசின் புரதமே. நீங்கள் 6 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்வீர்கள். நான் 18 என்ற எண்ணையே பெரிதாக மதிப்பேன். நலமான பாம்புகளைச் சோதிக்காமல் விட்டிருந்தால், எல்லாப் பாம்பிலும் சும்மா குடியிருக்கும் ஏதோ ஒரு வைரஸ் என்று தள்ளிவிடலாம். மீதி 2 பாம்புகளில் ஏன் கிடைக்கவில்லை? அங்கே இருந்தது சோதனைக்குப் பிடிபடாத வேறோர் உறவினராக இருக்கலாம். நோயும் வைரசும் சேர்ந்திருப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே அடுத்த படி, வைரசைச் செலுத்திப் பார்ப்பது. 2017இல் வெளியான அந்த ஆய்வின் விடை எவரும் எதிர்பாராதது. மலைப்பாம்புகள் சுமார் இரண்டு மாதங்களுக்குள் கடும் நரம்பு நோய்க்கு ஆளாயின. ஆனால் அவற்றில் உட்பொதிவுகளைக் காண்பதே அரிதாக இருந்தது. போவாக்களிலோ வைரசும் உட்பொதிவும் நிறைந்திருந்தன; ஆயினும் இரண்டு ஆண்டுகள்வரை அவை நோயின் அறிகுறியே இல்லாமல் இருந்தன!

இப்போது நம் ஆறு பாம்புகளுக்குத் திரும்புவோம். இறந்த மலைப்பாம்பில் உட்பொதிவு இல்லை என்ற அறிக்கை வந்தால், “இந்த நோய் அல்ல” என்று நிம்மதி அடைய முடியுமா? முடியாது. உறைய வைத்த துண்டில் வைரசின் ஆர்.என்.ஏ. உள்ளதா என்றும் கேட்க வேண்டும். அடுத்த பெட்டியில் கொழுகொழுவென்று இரை தின்னும் போவாதான் நோயைக் கொடுத்ததாகவும் இருக்கலாம். கடை வைத்திருப்போர், “மூன்று மாதம் தனியே வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை” என்பார்கள். இரண்டு ஆண்டு மறைந்திருக்கக்கூடிய வைரசுக்கு மூன்று மாதம் எம்மாத்திரம்? தனிமைப்படுத்துவது வேண்டியதே, அதனோடு இரத்தச் சோதனையும் வேண்டும், சில மாதம் கழித்து மீண்டும் ஒருமுறையும் வேண்டும்.

ஐந்தையும் தனித்தனியே வைத்து, தண்ணீர்ப் பாத்திரம், இடுக்கி எதையும் ஒன்றுக்கொன்று மாற்றாமலிருக்க வேண்டும். செதில் இடுக்குகளில் கரும்புள்ளியாகத் தெரியும் உண்ணிகளை ஒழிக்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்லும் அவை நோயையும் சுமந்து செல்கின்றன என்ற சந்தேகம் வலுவாக உள்ளது. இவ்வைரசுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. ஆகவே சோப்பும் சலவைத் தூள் கரைசலும் அதைக் குலைத்துவிடும். ஆனால் பாத்திரத்தில் ஒட்டிய அழுக்கை முதலில் தேய்த்துக் கழுவாமல் ஊற்றினால் பயனில்லை.

சோதனையில் போவாவுக்கு வைரஸ் உண்டு என்று தெரிந்தால் என்ன செய்வது? கொன்றுவிடு என்பதே முன்பு பலர் கொடுத்த ஆலோசனை. நலமாகத் திரியும் விலங்கைக் கொல்லத்தான் வேண்டுமா என்று இன்று பலர் தயங்குகிறார்கள். அத்தயக்கம் நியாயமானதே என்பது என் எண்ணம். ஆனால் அதை விற்கக்கூடாது. குட்டி ஈனவும் விடக்கூடாது, தாயிடமிருந்து குட்டிக்கும் வைரஸ் செல்கிறது. வேறோர் அறையில் அதை வைத்து, மற்ற நான்கிற்கும் இரையும் நீரும் கொடுத்து முடித்த பிறகே, நாளின் கடைசி வேலையாக அந்த அறைக்குள் போக வேண்டும்.