பாம்பன் கரையில் கற்ற பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

கொங்கு நாட்டில் பிறந்த நமக்குக் கடல் என்பது தொலைதூரச் செய்தி. கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் அளந்து வாழ்பவர்கள் நாம். உக்கடம் மீன் அங்காடிக்கு வந்து சேரும் மீனை அறிவோம். அதைப் பிடித்த கையை அறியோம். எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் இராமநாதபுரம் மாவட்டம் பாம்பனுக்குச் சென்றபோது, அக்கைகளின் உழைப்பை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே கற்றவற்றை நண்பர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கடல்களின் ஊர்

பாம்பன், இராமேசுவரம் தீவின் மேற்கு முனையில் அமைந்துள்ளது. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தையும் காணவே பலரும் அங்குச் செல்கின்றனர். ஊராருக்கோ பாலத்தைவிடக் காற்றே முக்கியம். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இந்நிலை தலைகீழாகும். மீனவர்கள் தம் படகுகளை அமைதியான பக்கத்திற்கு மாற்றிக் கொள்கின்றனர். நம் உழவர் பட்டம் பார்ப்பது போல அவர்கள் காற்றைப் பார்க்கின்றனர்.

தொழிலும் முறையும்

வள்ளம், வத்தை ஆகிய நாட்டுப்படகுகளும், விசைப்படகுகளும் அங்கு உள்ளன. இப்போது கண்ணாடியிழைப் படகுகளும் பெருகிவிட்டன. பழைய முறையான கரைவலையில், படகில் சென்று வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரு முனைகளையும் கரையில் நின்று இரு குழுவினர் இழுப்பர். நடுவிலுள்ள 'மடி'யில் மீன் சேரும். கிடைத்ததில் படகுக்கும் வலைக்கும் பங்கு போக, எஞ்சியது உழைத்தவர்களுக்குப் பங்காகும். மீன் இல்லையேல் கூலியும் இல்லை.

கடலுக்கு வரப்பு இல்லை, சட்டம் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும் உண்டு. மீன்கள் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கரையில் 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளாக உயர்ந்தது.

வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் தம் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். விலையைச் சொல்பவரும் அவரே. இதைக் கேட்டபோது பல்லடம் பக்கத்து எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. என் தந்தையார் விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். பாவும் ஊடையும் பிறர் தருவர். மீட்டருக்கு இவ்வளவு என்று அவர்களே கூறுவர். உப்புக் காற்றும் பஞ்சுத் தூசியும் வேறு வேறு. உழைத்தவனுக்குத் தன் பொருளின் விலையைச் சொல்லும் உரிமை இல்லாமை இரண்டிடத்தும் ஒன்றே.

பாசி எடுக்கும் பெண்கள்

தாவரவியல் மாணவியாகிய என்னை மிகவும் ஈர்த்தவர்கள் சின்னப்பாலம் பகுதியின் பாசி எடுக்கும் பெண்களே. சேலைக்கு மேல் சட்டை அணிந்து, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இவர்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்குகின்றனர்.

நம் நூல்கள் ஜெலிடியெல்லா என்பதை அவர்கள் மரிக்கொழுந்து என்கின்றனர். கிராசிலேரியா அவர்களுக்குக் கஞ்சிப்பாசி, சர்காசம் கட்டக்கோரை. முதலிரண்டும் சிவப்புப் பாசிகள்; அகார் தருபவை. மூன்றாவது பழுப்புப் பாசி, ஆல்ஜினேட் தருவது. துணி அச்சில் சாயக்குழம்பைக் கெட்டிப்படுத்த ஆல்ஜினேட் பயன்படுகிறது. ஆகவே நெசவு நாட்டிற்கும் கடலுக்கும் நாம் எண்ணியதைவிட நெருங்கிய உறவு உண்டு.

அகாரை நாம் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் கையாள்கிறோம். ஒரு லிட்டர் வளர்ப்பு ஊடகத்திற்குச் சுமார் 15 கிராம் அகார் சேர்க்கிறோம். இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் முன்பு ஜெலட்டின் பயன்பட்டது. அது வெப்பத்தில் உருகியது. நுண்ணுயிர்களும் அதைக் கரைத்தன. 1881-ல், அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, சமையலில் தாம் பயன்படுத்திய அகாரைப் பரிந்துரைத்தார். 85 பாகை செல்சியசு அளவில் உருகி, 40 பாகைக்குக் கீழே உறையும் அப்பொருள், 37 பாகையிலும் கெட்டியாகவே நின்றது. அடுக்களையில் கற்ற அறிவு நுண்ணுயிரியலுக்கே அடித்தளமாயிற்று.

அத்தகைய அறிவைப் பாம்பனிலும் கண்டேன். "எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துட்டா என்னங்க்கா?" என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன். "வேரோட புடுங்குனா மறுக்கா முளைக்காது தாயி. வேரை விட்டுட்டு மேல கிள்ளணும்" என்றார். பாசிக்கு வேர் இல்லை, பற்றுறுப்பே உண்டு என்பது நம் பாடம். பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே: பற்றுறுப்பு எஞ்சினால்தான் பாசி மீண்டும் தழைக்கும்.

உரிமையும் காப்பும்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளையும் கடற்புற்களையும் காக்க அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைமுறையாகச் சென்று வந்த கடல், பெண்களுக்கு ஒரு நாளில் தடைப் பகுதியாயிற்று. அவர்களோ தமக்குத் தாமே விதி வகுத்துக் கொண்டனர். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, கருவியின்றிக் கையாலேயே எடுப்பது, ஆண்டில் 45 நாள் பாசியைத் தொடாதிருப்பது என்பன அவை. அப்பெண்களின் உரிமைக்கும் கடலின் காப்பிற்கும் சேர்த்துக் குரல் கொடுத்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது வழங்கப்பட்டது. காப்பவர், எடுப்பவர் என மக்களை இரு கூறாகப் பிரிக்க இயலாது என்பதற்கு அவர்களே சான்று.

நாம் செய்யத்தக்கது

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தவர்க்கு மட்டுமே அறிவு உண்டு என்று யாரேனும் கூறினால், என் தந்தையாரையும் அப்பெண்களையும் நினைத்து அதை மறுப்பேன். மறுப்பதோடு நில்லாமல், ஒரு சிறு செயலையும் நம் துறை மாணவர்முன் வைக்கிறேன். உலர்தாவரத் தாளில் இலத்தீன் பெயருக்குக் கீழே 'வட்டாரப் பெயர்' என ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் வெறுமையாகவே கிடப்பது அது. 'சேகரித்தவர்' என்று மற்றொரு கட்டமும் உண்டு. பாம்பனிலிருந்து கொணர்ந்த பாசித் தாள்களில் முதற்கட்டத்தில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று எழுதியுள்ளோம். இரண்டாம் கட்டத்தில் எங்கள் பெயர்களுக்கு முன்னால் 'சின்னப்பாலம் மகளிர்' என்று எழுதியுள்ளோம். இனி எவ்வூர் சென்று எச்செடியைக் கொணர்ந்தாலும், அதை நமக்குக் காட்டியவர்க்கு அத்தாளில் இடம் தருவோம்.