மருத்துவத் தகவல் பிறர் கைக்குச் சென்றால்…

பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, தொலைபேசி எண் ஆகியவை சிகிச்சைக்காக நம்பி ஒப்படைக்கப்படுபவை. அவ்வாறு நம்பித் தந்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என வரையறுக்கிறது. கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவையும் இச்சட்டத்தின்கீழ் வரும்.

பாதிக்கப்பட்டோர் படிப்படியாகத் தீர்வு தேடலாம்.

1. சேவை வழங்கிய நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். எந்தத் தகவல், எப்போது, யாரிடம் சென்றது எனக் குறிப்பிடுங்கள். சான்றாகும் குறுஞ்செய்திகளையும் அழைப்பு விவரங்களையும் அழித்துவிடாதீர்கள்.

2. தக்க பதில் வராவிடில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணிலோ இணையத்திலோ அணுகுங்கள். மையம் முறையீட்டை நிறுவனத்திற்கு அனுப்பி இணக்கம் காண முயலும். ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை.

3. அதுவும் பயனளிக்காவிடில், 2 ஆண்டுகளுக்குள் ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரு தரப்பும் இசைந்தால் ஆணையம் வழக்கைச் சமரசத்திற்கு அனுப்பும்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இணையவழியில் இயங்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கு வழிவகுத்துள்ளது. ஆனால் வாரியம் விதிக்கும் அபராதம் அரசுக்கே சேரும். இழப்பீடு நாடுவோர்க்கு நுகர்வோர் ஆணையமே உரிய இடம்.

முறையீட்டுடன் தேவையான பக்கத்தை மட்டும் இணையுங்கள். நோய்க்குறிப்பு முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. மறைவைக் காக்க எழுதும் மடலே மறைவைக் கெடுத்துவிடலாகாது.