தங்கையின் பைபிளில் இல்லாத பக்கம்

கேள்வி: கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். பூசைக்கும் காசு கொடுத்தேன். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, "செத்தவங்களுக்காக ஜெபிக்கணும்னு பைபிள்ல எங்கக்கா இருக்கு?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

- ஒரு வாசகி, செக்காலை, காரைக்குடி

பதில்: இருக்கிறது, ஆனால் தங்கையின் பைபிளில் இருக்காது. அவருடைய புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், உங்கள் கத்தோலிக்க பைபிளில் 73. அவரிடம் இல்லாத ஏழில் ஒன்று மக்கபேயர் இரண்டாம் நூல். அதில் 12ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். போரில் மாண்ட யூத வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவர் உடைக்குள்ளும் அந்நியத் தெய்வத்தின் தாயத்து. படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களைக் கைவிடவில்லை. ஆளாளுக்கு வசூலித்து, 2,000 வெள்ளி திராக்மாவைப் பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். செத்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பித்தான் அப்படிச் செய்தார் என்கிறது அந்நூல்.

"அது எபிரேய வேதத்தில் இல்லையே" என்பார் தங்கை. உண்மைதான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534இல் கொண்டுவந்த ஜெர்மன் பைபிளில் இந்நூல்களைத் தனியே ஒதுக்கினார்; வாசிக்க நல்லவை, வேதத்துக்குச் சமமல்ல என்றார். ஆதித் திருச்சபை கையாண்ட கிரேக்க பைபிளில் இவை இருந்தன, 397இல் கார்த்தேஜ் சங்கம் ஏற்ற பட்டியலிலும் உண்டு என்பது கத்தோலிக்கர் பதில். 1546இல் திரெந்து சங்கம் அந்தப் பட்டியலையே உறுதிசெய்தது. ஆக, வழக்கு மெழுகுவர்த்தியைப் பற்றியதல்ல. எது வேதம் என்பதைப் பற்றியது.

பூசைக் காசு என்றதும் தங்கை முகம் சுளித்தால், அதிலும் நியாயம் உண்டு. காசுக்கு மோட்சம் என்ற வியாபாரத்தைக் கண்டுதான் 1517இல் லூத்தர் கிளம்பினார். அந்த ஆதாயத்தைப் பின்னர் திரெந்து சங்கமே தடைசெய்தது. உங்கள் காசு காணிக்கை. அருளுக்கு விலை கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டைக்கு 300 வயது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரிகள் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதி அவர்களை மறுத்தார். அவர்களுடைய தமிழ் நடையையும் அவர் சும்மா விடவில்லை. அந்தக் காரம் இன்று தணிந்துவிட்டது. 1995இல் இரு தரப்பாரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் வந்தது. அதில் மக்கபேயர், 'இணைத்திருமுறை' என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது.

தங்கை வரும்போது அந்தப் பக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். அவருக்கும் அம்மாதானே!