சிக்கனமும் மணல் அடுப்பும்

சிக்கனம் என்றவுடன் கஞ்சத்தனம் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. தேவையானதைச் செய்யாமல் விடுவது கஞ்சத்தனம். அதையே குறைந்த செலவில் செய்து முடிப்பது சிக்கனம். 1924-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டிலிருந்து பிறந்தது உலக சிக்கன நாள். நம் நாட்டில் அதனை அக்டோபர் 30-இல் கொண்டாடுகிறோம். அன்று பேச்சுப் போட்டியில் பேசிவிட்டு மறந்துவிடாமல், நம் வீட்டு அடுப்படியைச் சற்றே பார்ப்போமா, தோழியரே?

பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று வந்தால் கேக் இல்லாமல் முடிவதில்லை. கடையில் விலை கேட்கவே தயக்கமாயிருக்கிறது. வீட்டில் செய்யலாம் என்றால், "ஓவன் இல்லையே" என்கிறோம். ஓவன் எதற்கு? அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றில் ஓர் அங்குல உயரத்திற்குச் சுத்தமான மணலைப் பரப்பி, நடுவில் சிறு கம்பித் தாங்கியை வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடாக்கினால் அதுவே ஓவன். மணல் மெல்லச் சூடேறி, வெப்பத்தை ஒரே சீராகப் பரப்புவதால் கேக்கின் அடி தீய்வதில்லை. நல்ல குக்கரை இதற்கு எடுக்க வேண்டாம். நீரின்றிக் காய்ந்தால் கெட்டுவிடும். பிறகு அம்மாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

முட்டைக்குப் பதில் புளித்த தயிரே போதும். ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவுடன் சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. வேதியியல் பாடம் அடுப்படிக்கும் வருகிறது பாருங்கள்! அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் மைதா கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். கேக்கை எடுத்தவுடன் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். மணலைச் சூடாக்கவே எரிவாயு வீணே செலவாகிறது. அந்தச் சூட்டிலேயே நானகத்தாயையோ, மீந்துபோன ரொட்டித் துண்டுகளை ரஸ்க்காகவோ சுட்டுவிடலாம். மணலை ஆறவைத்துப் பழைய டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.

அன்றாடச் சமையலிலும் இப்படித்தான். கொதிக்கும் நீர், தீயைக் கூட்டினாலும் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை என்று இயற்பியலில் படிக்கிறோம். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைப்பதே அறிவு. பருப்பை ஊறவைத்தால் விரைவில் வேகும். ஆனால் ஒன்று: எல்லோரும் உண்ட பின் மீந்ததை மட்டும் அம்மா உண்பதைச் சிக்கனக் கணக்கில் எழுதக் கூடாது.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். கடுகு டப்பாவில் சில்லறை ஒளித்து வைப்பதும் அவர்கள் வித்தையே. டப்பாப் பணம் அவசரத்திற்கு உதவும், ஆனால் வளராது. நாளொன்றுக்கு 5 ரூபாய் மிச்சமானால் மாதம் 150. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே செலுத்தலாம். மாதம் 150 வீதம் ஐந்தாண்டில் 9,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கைக்கு வரும்.

இது சிறு தொகையாகத் தோன்றலாம். பத்தாம் வகுப்பு முடிக்கும் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் பணமுடை வந்தால் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்பே. மேல்நிலை வகுப்பில் சேரும் நாளில் சீருடைக்கும் புத்தகப் பைக்கும் கடன் கேட்டு அலையாமலிருக்க அந்தத் தொகை உதவும். பத்து வயது நிறைந்தவர் தம் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆறாம் வகுப்புத் தங்கைகள் இப்போதே தொடங்கினால், எங்கள் வகுப்பிற்கு வரும்போது கையில் பாஸ்புக் இருக்கும்.