அரசவையும் அறவுரையும்

மன்னன் ஒருவனைச் சூழ்ந்து மூவகையினர் நிற்பர். பட்டமும் பதவியும் விரும்பும் பிரபுக்கள் ஒருசாரார். அவன் அன்பைப் பெற்று ஆட்சியிலும் செல்வாக்கு எய்தும் ஆசைநாயகியர் மற்றொரு சாரார். அறம் இது, மறம் இது என எடுத்துரைக்கக் கடமைப்பட்ட சமயக்குரவர் பிறிதொரு சாரார். இவர்களுள் இறுதியிற் கூறப்பட்டோர் பணியே அரிதினும் அரிது. அரசனிடம் உதவி பெற்றவன் அரசனை இடித்துரைத்தல் எளிதன்று.

பிரெஞ்சு நாட்டைப் பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை ஆண்டான். பிரபுக்கள் தத்தம் ஊர்களில் வலிமை பெற்றுக் கிளர்ச்சி செய்வதைத் தடுக்க விரும்பிய அவன், அவர்களைத் தன் அருகிலேயே இருத்தினான். 1682-இல் வெர்சேல்ஸ் அரண்மனையே அரசிருக்கை ஆயிற்று. ஆங்கு மன்னன் துயிலெழும்போது உடனிருப்பதையும் பிரபுக்கள் பெரும்பேறாகக் கருதினர். பேராயர்களை நியமிக்கும் உரிமையும் 1516-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் பிரெஞ்சு மன்னர்க்கு உரியதாயிருந்தது. எனவே, சமயக்குரவர் பலர் வாய்திறவாதிருந்தனர்.

வேறொருவர் மனைவியான மோந்தெஸ்பான் சீமாட்டி மன்னனின் காதலுக்கு உரியவளானாள். 1675-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளையொட்டி, அவளுக்குப் பாவமன்னிப்பு அளிக்க எளிய குரு ஒருவர் மறுத்துவிட்டார். நாவன்மை மிக்க பேராயர் பொசுவே அக்குருவின் செயல் நேர்மையானதே என்றார். மன்னனும் அவளைச் சிறிதுகாலம் பிரிந்திருந்தான். பின்னர் இருவரும் மீண்டும் கூடினர். அறவுரை செவியிற் புகுந்தது, உள்ளத்தில் நிலைக்கவில்லை.

அந்நூற்றாண்டின் முற்பகுதியில், தமிழகத்தின் சேலம் நாட்டிலும் பிரபுக்களும் அவர்தம் அவைகளும் இருந்தன. மதுரை நாயக்கர் ஆட்சி 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. வெர்சேல்ஸ் பிரபுக்களைப் போலன்றி, பாளையக்காரர் தத்தம் ஊரிலேயே கோட்டையும் படையும் கொண்டு வாழ்ந்தனர்.

இந்நாட்டிற்கு 1623-இல் துறவி ஒருவர் வந்தார். தத்துவபோதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலியே அவர். 1577-இல் உரோமாபுரியில் உயர்குடியிற் பிறந்த அவர், 1606-இல் மதுரை அடைந்தார். காவியுடை உடுத்தார், புலால் துறந்தார், தமிழும் வடமொழியும் கற்றுத் தமிழில் உரைநடை நூல்கள் இயற்றினார்.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். அங்கிருந்து வடக்கே சேலம் சென்றபோது அவருக்குத் தங்க இடம் எளிதிற் கிட்டவில்லை. இன்று சூரமங்கலத்து இருப்புப்பாதைச் சந்திப்பில் இறங்கும் பல்லாயிரவரை ஏற்கும் அந்நகரம், அன்று அந்நியர் ஒருவரை ஐயத்துடனேயே நோக்கியது. எனினும், அவருடைய எளிய வாழ்வும் கல்வியும் நாளடைவில் மதிப்பைத் தேடித்தந்தன. சேலத்து ஆட்சியாளரின் தமையனாரான திருமங்கல நாயக்கர் அவரை ஆசிரியராக ஏற்று, 1625-இல் அவர்தம் சமயத்திலும் சேர்ந்தார்.

ஆயினும், இம்மதிப்பிற்கும் ஒரு விலை இருந்தது. உயர்ந்தோர் அவையில் இடம்பெறும் பொருட்டு, தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகாமல் அவர் விலகி வாழ்ந்தார். சாதி வேற்றுமையை எதிர்க்காது அதற்கு இணங்கியே நடந்தார். எளியோரிடையே பணிபுரியும் பண்டாரசாமிகள் என்னும் பிரிவினர் 1640-இல்தான் தோன்றினர். தத்துவபோதகர் முதுமையில் கண்ணொளி குன்றி, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார்.

பதவி தந்த மன்னனை இடித்துரைக்க முற்பட்டோர் சிலரே என்பதைப் பிரெஞ்சு அரசவை காட்டுகிறது. பதவி வேண்டாத துறவியும் அவையின் வழக்கத்திற்குப் பணிய நேர்ந்ததைச் சேலம் காட்டுகிறது. ஆதலின், அறம் உரைப்போன் அரசனிடம் பெற்றது யாது என்று வினவுவது மட்டும் போதாது. அவன் யாரை விட்டு விலகி நின்றான் என்றும் வினவுதல் வேண்டும்.