துப்புரவுக் கருவிகளை நிமிர்த்தி வைக்கும் தாங்கி

மண்வெட்டிக்கும் விதைக்கும் கமக்காரர் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் விளக்குமாற்றுக்குக் கிடைப்பதில்லை. கூட்டி முடிந்ததும் அது கதவு மூலையிலே சாய்த்து விடப்படுகின்றது. அன்றேல் மாட்டுத் தொழுவத்தின் ஈரத் தரையிலே கிடக்கின்றது. அதனால் நேரும் கேடு கூட்டுமாற்றின் விலையோடு நின்றுவிடுவதன்று. விதை நெல்லின் தூய்மையும், விதைக் கிழங்கின் நலமும், குடும்பத்தாரின் சுகமும் அதனாற் பாதிக்கப்படலாம்.

பதுளை நகரை அடுத்து நமுனுகுல மலைச்சாரலில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளிப் பகுதியில், ஒக்டோபர் மாதந் தொடங்கிச் சனவரி வரை மழை மிகுதியாகும். சரிவுகளில் தேயிலையும், பள்ளங்களில் படிவரிசை வயல்களும், லயங்களை அண்டிய நிலங்களில் மரக்கறியும் விளையும் இத்தகைய இடங்களில், ஒரு வீட்டாரே நெல்லையும் கிழங்கையும் மாட்டையும் பேணுவதுண்டு. ஆகவே ஒரே தும்புத்தடி தொழுவத்துக்கும், களஞ்சிய அறைக்கும், நெற் காயவைக்கும் தளத்துக்கும் செல்ல நேர்கின்றது.

கேடு விளையும் வழிகள்

முதலாவது, விதைக் கலப்பு. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட பி.ஜி. 300 மூன்று மாத நெல்லாகும், பி.ஜி. 358 மூன்றரை மாத நெல்லாகும். ஒன்றைக் கூட்டிய ஈர்க்குமாற்றின் இடுக்குகளில் தங்கிய மணிகள் மற்றதன் விதையிற் கலந்தால், அடுத்த போகத்தில் ஒரே வயலில் ஒரு பகுதி முற்றியும் ஒரு பகுதி பச்சையாகவும் நிற்கும்.

இரண்டாவது, மண் வழியாகப் பரவும் நோய். 1967ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர், நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் அப்பயிர்ச் செய்கை பெருகியது. அப்பயிரையும் தக்காளியையும் தாக்கும் பக்டீரியா வாடல் நோய் விதைக் கிழங்கினாலும், நீரினாலும், கருவிகளில் ஒட்டிய மண்ணினாலும் பரவுகின்றது. நோயுற்ற செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்குவதைக் காணலாம். நோய் கண்ட செடியை மருந்து தெளித்துக் குணப்படுத்த இயலாது. வருமுன் காத்தலே வழியாகும்.

மூன்றாவது, எலி. மூலையிற் குவிந்த கருவிகள் எலிக்கு நல்ல மறைவிடமாகும். எலியின் சிறுநீரினாற் பரவும் எலிக்காய்ச்சல், சேற்றில் இறங்கி வேலை செய்வோரைப் பெரிதும் தாக்குவது.

இவற்றுடன், தும்பின் மேல் நிறுத்தப்பட்ட தும்புத்தடி நாளடைவில் ஒருபுறமாக வளைந்துவிடும். வளைந்த தும்பு தரையின் வெடிப்புகளில் உள்ள மணிகளையும் மண்ணையும் வாரி எடுக்கமாட்டாது.

அமெரிக்காவில் ஷேக்கர் என்னும் சமயக் குழுவினர், சுவர் நெடுகிலும் மர முளைகளை அடித்து, விளக்குமாற்றையும் நாற்காலியையும் அவற்றிலே தொங்கவிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். தரை ஒழிந்திருந்தாற்றான் தூய்மை நிலைக்கும் என்பதே இதிற் கவனிக்கத் தக்கது.

தாங்கி செய்யும் முறை

தேயிலை மலைகளில் நிழலுக்காக நடப்படும் சவுக்கு மரத்தின் பலகை இதற்குப் போதுமானது. வேண்டுவன: 5 அடி நீளமும் 6 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள பலகை ஒன்று, தாங்குகட்டை இரண்டு, ஆணிகள், வாள், உளி, துளைகருவி.

1. பலகையின் ஒரு முனையிலிருந்து 9, 23, 37, 51 அங்குலத் தூரங்களில் அடையாளமிடுக. இவ்வாறு இட்டால் 12 அங்குல அகலமுள்ள தும்புத்தடித் தலைகள் ஒன்றோடொன்று முட்டமாட்டா.

2. ஒவ்வோர் அடையாளத்திலும், பலகையின் முன் விளிம்பிலிருந்து உள்நோக்கி 3 அங்குல ஆழமும் 1½ அங்குல அகலமும் உள்ள வெட்டு ஒன்று அமைக்குக. வெட்டின் உள் முனையில் முதலில் துளையிட்டு, பின்னர் இருபுறமும் வாளால் அறுத்தால் பலகை பிளவாது. விளிம்புகளைத் தேய்த்து மழுப்புக.

3. 16, 44 அங்குலத் தூரங்களில் தாங்குகட்டைகளைப் பொருத்துக. முன் விளிம்பு பின் விளிம்பினும் அரை அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். அப்பொழுது கைப்பிடி தானாகவே உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். கைபட்டாலும் வெளியே வழுவாது.

4. மிக நீண்ட கைப்பிடியின் நீளத்தை அளந்து, அதனுடன் அரை அடி கூட்டி, அந்த உயரத்திற் பலகையைச் சுவரில் இறுக்குக. கூரையின் இறப்புக்கு உட்பட்டதும், மழைச்சாரல் படாததும், காற்றோட்டம் உள்ளதுமான சுவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

கருவியின் தலை பலகையின் மேல் தங்க, கைப்பிடி வெட்டின் வழியாகக் கீழே தொங்கும். அடிமுனை தரையைத் தொடாமையால் ஈரமும் கறையானும் அணுகா. குப்பைவாரியை வைக்கும்போது அதன் பற்கள் சுவரை நோக்கியிருத்தல் வேண்டும். சிறு தூரிகைகளுக்குப் பலகையின் முன் விளிம்பில் ஆணி அடித்து, கயிற்றுக் கண்ணியில் தொங்கவிடலாம். மண்வெட்டி முதலிய பாரமும் கூரும் உள்ள கருவிகளை இத்தாங்கியில் ஏற்றலாகாது. விழுந்தால் தலையிற் காயம் உண்டாகும்.

பலகைக்குப் பதிலாக மூங்கிற் குழாய்களைக் கம்பத்திற் கட்டி உபயோகிப்போர், ஒவ்வொரு கணுவையும் அடிவரை துளைத்துவிடல் இன்றியமையாதது. மூங்கிலில் தேங்கும் சிறிதளவு நீரிலும் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர் என்பதை மறக்கலாகாது.

ஒவ்வொன்றுக்கும் ஓரிடம்

நான்கு வெட்டுகளுக்கும் நான்கு நிறம் பூசி, உரிய கருவியின் கைப்பிடியிலும் அதே நிறத்தைப் பூசுதல் நன்று. களஞ்சியத்துக்கும் விதை அறைக்கும் வெள்ளை. நெற் காயவைக்கும் தளத்துக்குப் பச்சை. தொழுவத்துக்கும் எருக்குழிக்கும் சிவப்பு. தோட்டத்துக் குப்பைவாரிக்கு நீலம். எழுத்தறியாச் சிறுவரும் நிறங்கண்டு எடுத்து, நிறங்கண்டு வைப்பர். வெறுமையாக உள்ள வெட்டு, தவறிய கருவியைத் தானே காட்டிக்கொடுக்கும். சிந்திய பூச்சிமருந்தைக் கூட்டிய விளக்குமாற்றை மீண்டும் களஞ்சியத்துக்குக் கொண்டுசெல்லவே கூடாது.

வைக்குமுன் செய்ய வேண்டியவை

தளத்தைக் கூட்டிய பின் கருவியைக் கவிழ்த்துத் தட்டி, இடுக்கிலுள்ள மணிகளை உதிர்த்தல் வேண்டும். மண் பட்டதாயின் முதலில் நீரினால் நன்றாகக் கழுவுக. நோய் கண்ட தோட்டத்தில் உபயோகித்ததாயின், அதன்பின் வெளிற்றும் திரவம் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் கலந்த கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, மீண்டும் கழுவுக. மண் ஒட்டியிருக்கையில் இக்கரைசல் தன் வலுவை இழக்குமாதலால் முதற் கழுவலைத் தவிர்க்கலாகாது. கழுவிய நீர் பயிர்நிலத்துக்குள் ஓடலாகாது. கழுவியதைத் தும்பு கீழ்நோக்க வெயிலில் தொங்கவிட்டு, நீர் வடிந்த பின்னரே தாங்கியில் ஏற்றுக. ஈரத்துடன் ஏற்றினால் நீர் தலைக்கட்டையில் இறங்கி அதனை உளுக்கச் செய்யும்.

ஒரு பலகையும் அரை நாள் உழைப்புமே இதற்குரிய செலவு. பெரும்போக விதைப்புக்கு முன்னரே இதனை அமைத்துக்கொள்ளும் கமக்காரர், தம் விதையையும் நிலத்தையும் ஒருங்கே காத்தவராவர்.