குறட்டை விடும் தாத்தாவை எழுப்பு

அன்புள்ள கயல்,

ஆபரேஷன் முடிந்தவர்களின் வார்டில் உனக்கு நைட் டியூட்டி போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஆயுசு முழுக்க மயக்க மருந்து கொடுத்தே காலம் தள்ளியவன் நான். அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவைக்கிறேன்.

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன எண்பது வயதுப் பெரியவர் என்று வைத்துக்கொள். மார்ஃபின் போட்டதும் முனகல் நின்று குறட்டை கேட்கிறது. 'அப்பாடா, அசந்து தூங்குறாரு' என்று மகளுக்கு நிம்மதி. நீ நிம்மதி அடையாதே.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலியை மட்டும் அடக்குவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது மூச்சை விரட்டிவிட வேண்டிய மூளைத்தண்டையும் மந்தமாக்கும். வாயு சேரும், சேர்ந்த வாயு இன்னும் மயக்கும். தொண்டைத் தசையும் தொய்ந்து பாதை குறுகும். நீ கேட்கிற குறட்டை அதுவாகவும் இருக்கலாம்.

வயதான மூளை குறைந்த அளவுக்கே மசிந்துவிடும். மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள் ஒன்று மார்ஃபினைப் போலவே வேலை செய்யும். அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். கிரியேட்டினின் நார்மல் என்ற ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதே. தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் ஒழுங்காகவே தெரியும். வீட்டில் வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையையோ நரம்பு வலிக்கான பிரீகாபலினையோ இதோடு சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து கூடும். மாத்திரைப் பையை வாங்கிப் பார்.

2020-இல் வெளியான 'புரோடிஜி' ஆய்வில், பொது வார்டுகளில் ஓபியாய்டு வாங்கிய 1,335 பேரைக் கருவி பொருத்தி இடைவிடாமல் கவனித்தார்கள். 46 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது மூச்சு மந்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கூட்டுபவற்றில் வயது 60-ஐத் தாண்டுவதும் ஒன்று.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்பாய். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது அது 97, 98 என்றே காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். அந்த எண் விழும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் மூச்சை நீயே எண்ணு. அவரைத் தொடுவதற்கு முன்பே எண்ணு. தொட்டதும் விழித்து நன்றாக மூச்சு விடுவார், கணக்கு பொய்யாகும். முழுசாக ஒரு நிமிஷம், நெஞ்சு எவ்வளவு எழும்புகிறது என்பதையும் பார்த்து எண்ண வேண்டும். (சார்ட்டில் எல்லாப் படுக்கைக்கும் 18 என்றே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். அந்தக் கூட்டத்தில் சேராதே.)

எண்ணி முடித்ததும் எழுப்பு. 'தாத்தா, சாப்பிட்டீங்களா?' என்று கேள். முனகிவிட்டுப் பதிலின் நடுவிலேயே கண் சொருகினால் அடுத்த டோஸ் கிடையாது; டாக்டரைக் கூப்பிடு. மூச்சு நிமிஷத்துக்கு எட்டு, ஒன்பது என்றிருந்தாலும் அப்படியே. மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் இந்த மயக்கம் வந்துவிடும், அதனால்தான் எழுப்பச் சொல்கிறேன். நோயாளியே அழுத்திக்கொள்ளும் வலி மருந்து பம்ப் என்றால், பாசத்தில் மகனோ மகளோ பட்டனை அழுத்தக் கூடாது. மயங்கியவர் கை தானாக ஓய்ந்துவிடும் என்பதுதான் அந்த இயந்திரத்தின் பாதுகாப்பே.

இதைப் படித்துவிட்டு மருந்தே கொடுக்காமல் இருந்துவிடாதே. வலியில் இருமப் பயந்து சளி கட்டி நிமோனியா வரும், சித்தம் குழம்பும். பாரசிட்டமால் நேரத்துக்குக் கொடுத்து, நரம்பைச் சுற்றி மரப்பு ஊசியும் போட்டால் மார்ஃபின் குறைவாகவே தேவைப்படும்.

ஆபத்து வந்துவிட்டால் தட்டி எழுப்பு, தாடையைத் தூக்கிப் பிடி, மூச்சை இழுக்கச் சொல், ஆக்சிஜன் கொடு, மருந்தை நிறுத்து. மாற்று மருந்து நலோக்சோன். 0.4 மில்லிகிராம் ஆம்பூலைப் பத்து மில்லியாகக் கலக்கி, டாக்டர் சொல்கிறபடி ஒவ்வொரு மில்லியாக ஏற்றுவோம். மொத்தமாக ஏற்றினால் வலி ஒரேயடியாகத் திரும்பும், பிரஷர் எகிறும், இதயம் திணறும். முழித்துப் பேசிவிட்டாரே என்று படுக்கையை விட்டு நகராதே; நலோக்சோன் ஒரு மணி நேரம் போல நிற்கும், மார்ஃபின் அதைவிட நீளும். இன்று டியூட்டி ஏறியதும் எமர்ஜென்சி டிராலியில் அந்த ஆம்பூல் எந்தத் தட்டில் இருக்கிறது, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா